பறை ஏன் செல்போனில் தகரமாகிறது? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

'கர்ணன்' (2021) படப் பாடல்களைப் பற்றி எங்கள் நண்பர்கள் நடுவே இன்னும் சண்டை ஓயவில்லை. "இதுதான் அசல் நாட்டுப்புறம்" என்கிறார் ஒருவர். "நாலு பறையும் ஒரு ஒப்பாரிக் குரலும் இருந்தால் போதுமா? 'கரகாட்டக்காரன்' பக்கத்தில் வருமா?" என்கிறார் இன்னொருவர். எனக்கோ வேறு குழப்பம். 'கண்டா வரச்சொல்லுங்க' பாட்டைச் செல்போனில் கேட்டால் தகர டப்பாவைத் தட்டுவதுபோல் இருக்கிறது. பஸ்ஸில் போட்டால் நெஞ்சு அதிர்கிறது. எதை வைத்து முடிவு சொல்வது? இன்னொன்று: வருகிற கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பறைக்குழுவை வைத்து இந்தப் பாட்டை நேரில் பாடவைக்கப் பார்க்கிறோம். என்னென்ன கவனிக்க வேண்டும்?

ரா., கோவில்பட்டி

அன்புள்ள ரா.,

உங்கள் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். நண்பர்கள் சண்டையில் பாதி அதிலேயே அடங்கிவிடும்.

பறைக்கு இரண்டு குச்சி. ஒரு கையில் அடிக்குச்சி, ஒரு சாணுக்கும் குட்டை, தடியானது. அது தோலின் நடுவில் விழும்போது கனத்த 'தும்' வரும். மறுகையில் சிண்டுக்குச்சி, நீளமான மெல்லிய மூங்கில் சிம்பு. அது 'டக்'கென்று வெடிக்கும். செல்போனின் ஸ்பீக்கர் நகமளவுதான். ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் அதற்குச் சத்தமே எழும்பாது. அடிக்குச்சியின் கனமெல்லாம் பெரும்பாலும் அதற்குக் கீழேதான். ஆக, அடி காணாமல் போய்ச் சிண்டு மட்டும் காதுக்கு வருகிறது. உங்கள் தகர டப்பா அதுதான். பஸ்ஸில் நேர் எதிர்: பேஸ் பெட்டியில் அடி ஊதிப் பெருத்து, சிண்டு அமுங்கிவிடுகிறது. இரண்டையும் ஒன்றாகக் கேட்கக் காதை நன்றாக அடைக்கும் சாதாரண வயர் இயர்போன் போதும், ஈக்வலைஸரை அணைத்துவிட்டு. காதில் தளர்வாக நின்றால் அடி மறுபடியும் ஓடிவிடும்.

இனி 'அசல்' என்ற பேச்சு. 'கரகாட்டக்காரன்' (1989) நையாண்டி மேளத்தின் படம். நாதஸ்வரம், தவில், பம்பை, தமுக்கு என்று ஒரு முழுக் கூட்டம் அதற்குப் பின்னால் நிற்கிறது. 'கண்டா வரச்சொல்லுங்க' நிற்பது பறையிலும், ஒப்பாரிச் சாயலில் ஓங்கிக் கூப்பிடும் ஒரு பெண் குரலிலும். இரண்டும் நாட்டுப்புறம்தான், ஆனால் வேறு வேறு சபை. ஒன்றைக் காட்டி மற்றதை அளப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 'கர்ணன்' மாதிரி நெல்லைச் சீமைக் கதைக்கு வில்லுப்பாட்டு எங்கே, கணியான் கூத்தின் உச்ச மகுடம், மந்த மகுடம் என்ற இரண்டு பறைகளும் எங்கே என்று உங்கள் நண்பர் கேட்டிருந்தால் அது பொருத்தமான கேள்வியாக இருந்திருக்கும்.

வாத்தியப் பட்டியலைப் பார்த்து இது நாட்டுப்புறமா என்று சொல்ல முடியாது. நான் இரண்டு இடங்களில் காது வைப்பேன்.

முதலாவது வேகம். நேரில் அடிக்கும் குழு நின்ற வேகத்திலேயே நிற்காது. அடி கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், கால்மணி நேரம் கழித்துப் பார்த்தால் தொடங்கிய நடையே அடையாளம் தெரியாது. சினிமாப் பதிவில் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாக எடுத்து அடுக்குகிறார்கள். எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று உட்கார வேண்டும் என்பதற்காக வாசிப்பவர் காதில் தாளம் காட்டும் 'க்ளிக்' சத்தம் ஓடும். செல்போனில் டெம்போ செயலி ஒன்றை இறக்கி, முதல் பல்லவியில் தட்டுங்கள், கடைசிப் பல்லவியில் தட்டுங்கள். பெரும்பாலான சினிமாப் பாட்டுகளில் எண் அசையாது. இந்தக் குறையை 'கர்ணன்' தலையில் மட்டும் கட்ட வேண்டாம், 'கரகாட்டக்கார'னுக்கும் இதே தராசைப் பிடியுங்கள்.

இரண்டாவது குரல். 'கர்ணன்' படத்தின் பெரிய வெற்றி அங்கேதான். வெட்டவெளியில் பாடிப் பழகியவர்கள் குரலை எறிந்து பாடுவார்கள். அவர்களை மைக்குக்கு நாலு விரல் தூரத்தில் நிறுத்தினால் அடிக்குரல் தடித்து, ஓங்கிய வீச்சு போய், காதோடு கிசுகிசுப்பதுபோல் ஆகிவிடும். ஒன்றரை, இரண்டு அடி தள்ளி நிற்க வேண்டும். அடுத்த ஆபத்து சுருதி திருத்தும் மென்பொருள். ஒப்பாரியில் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு இழுத்துச் சரிகிற வழுக்கல்தான் உயிர். மென்பொருளை இறுக்கி வைத்தால் அந்த வழுக்கலைப் படிப்படியாக நறுக்கிவிடும். 'கண்டா வரச்சொல்லுங்க' பாடிய கிடாக்குழி மாரியம்மாளின் குரலில் வரி முடிவுகளை மட்டும் தனியாகக் கேளுங்கள். இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் அந்தக் குரலின் சொரசொரப்பை மழுக்காமல் விட்டிருக்கிறார். கூடவே தானும் பாடியிருக்கிறார். இரண்டு குரலும் அடுத்தடுத்து வரும்போது எறிகிற குரலுக்கும் மைக்குக்குப் பழகிய குரலுக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

மற்ற பாடல்களில், தனுஷும் மீனாட்சி இளையராஜாவும் பாடிய 'தட்டான் தட்டான்' நல்ல மெல்லிசை, கிராமத்து வாசனை உண்டு, அவ்வளவுதான். பாடகி தீ பாடிய 'உட்ராதீங்க யெப்போவ்' நாட்டுப்புறம் என்று சொல்லிக்கொள்ளவே இல்லை, அதை ஏன் இந்த வழக்கில் இழுக்க வேண்டும்? தேவா குரல் என்றாலே நமக்குச் சென்னை கானா ஞாபகம் வரும். ஆனாலும் 'மஞ்சனத்தி புராணம்' தெற்கத்திக் கதைக்குள் நன்றாகவே ஒட்டிக்கொள்கிறது. (முதலில் 'பண்டாரத்தி புராணம்' என்று வந்து, எதிர்ப்புக்குப் பிறகு பெயர் மாறியது.)

கொடை விஷயத்துக்கு வருகிறேன். பதிவு செய்த இசையை ஸ்பீக்கரில் ஓடவிட்டு அதன்மேல் பறை அடிக்கச் சொல்லாதீர்கள். குழுவின் அடி ஏறும், ஓடும் இசை ஏறாது, இரண்டாவது சரணத்திலேயே பிரிந்துவிடும். பாடுகிறவர் தன் சுருதியில் தனியாக எடுக்கட்டும், பறை பின்னால் சேரட்டும். நாலு பறை தாராளம். பறைக்குத் தனித்தனி மைக் வேண்டாம், தலைக்கு மேலே மூன்று நாலு அடி உயரத்தில் ஒன்று தொங்கினால் போதும். பாடுகிறவர் பறைக்குப் பத்தடியாவது தள்ளி நிற்க வேண்டும், இல்லையென்றால் அவர் மைக்கிலும் பறைதான் கேட்கும். கூம்பு ஸ்பீக்கர் மட்டும் கட்டினால் செல்போன் கதைதான் மறுபடியும். இரண்டு பேஸ் பெட்டியாவது கேட்டு வாங்குங்கள்.

பறைத் தோலை அனலில் காய்ச்சுவதற்கு வைக்கோலும் இடமும் மேடைக்குப் பக்கத்திலேயே ஒதுக்குங்கள். காய்ச்சிய தோல் ஈரக்காற்றில் வெகுநேரம் தாங்காது, சத்தம் இறங்க ஆரம்பித்துவிடும். இந்தப் பாட்டைக் காய்ச்சி முடித்த கையோடு வையுங்கள். பேச்சு, பொன்னாடை எல்லாம் அப்புறம். அவசரத்தில் பறையைத் தீக்குள்ளே நீட்டினால் புளியங்கொட்டைப் பசை விட்டுத் தோல் விளிம்பில் கிளம்பிவிடும். அன்றைக்கு அந்தப் பறை அவ்வளவுதான். மழை மூட்டமாக இருந்தால் பிளாஸ்டிக் தோல் போட்ட பறை இரண்டு கைவசம் இருக்கட்டும். அதற்குத் தீ வேண்டாம். ஆனால் அடித்த பிறகும் ரீங்காரம் நீளும், அதனால் தோல் பறையோடு கலந்து அடிக்காமல், மாற்றாக மட்டும் எடுங்கள்.