குளச்சல் தூண் பக்கத்தில் கல்லறையைத் தேடினால் கிடைக்காது

அப்பாவோடு குளச்சலில் ஒரு மணி நேரம் டிலனாய் கல்லறையைத் தேடி அலைந்தேன், வெற்றித்தூண் மட்டும்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இரண்டும் வேறு வேறு ஊர், நண்பரே. தூண் 1741ல் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்ததற்காக நட்டது. அந்தச் சண்டையில் டச்சுப் படையிலிருந்து பிடிபட்டவர்தான் டிலனாய், ஆனால் அப்புறம் திருவிதாங்கூர் படைக்கே தளபதியாகி, முப்பது வருஷத்துக்கு மேல் இங்கேயே இருந்து 1777ல் இறந்தார்.

கல்லறை இருப்பது புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள். குளச்சலிலிருந்து இரணியல் வழி தக்கலை வந்துவிடுங்கள், நாகர்கோவில் போகும் ரோட்டில் பக்கம்தான். கோட்டைக்குள் இப்போது வனத்துறைப் பூங்கா, அதனால் டிக்கெட் எடுக்க வேண்டும். கூரையில்லாத பழைய சர்ச் சுவர்களுக்கு நடுவே கல்லறைகள் இருக்கும். டிலனாய் கல்லில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறது, அவசரப்படாமல் குனிந்து தமிழைப் படித்துப் பாருங்கள். மனைவி, மகன் கல்லறைகளும் அங்கேதான்.

கடலோர மீனவர்கள் துடுப்புகளைத் துப்பாக்கி மாதிரி தோளில் சாய்த்து வரிசையாக நின்று டச்சுக்காரர்களை மிரட்டினார்கள் என்று அப்பா சொன்னதாக எழுதியிருந்தீர்களே, அது எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் சொல்லும் கதை. தூணில் தேடாதீர்கள், கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவர்களிடம் கேளுங்கள். பத்மநாபபுரம் அரண்மனையையும் சேர்த்துப் பார்ப்பதாக இருந்தால் திங்கட்கிழமை வேண்டாம், அன்றைக்கு லீவு.