கையில் 70,000 சம்பளம், நாளுக்கு 5,000 கான்ட்ராக்ட்: எது மேல்?

கேள்வி: மதுரை இலந்தைக்குளம் எல்காட் ஐடி பார்க்கில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டராக இருக்கிறேன், வயது 34. சம்பளம் 75,000, பிஎஃப் போகக் கையில் 70,000 வருகிறது. சேர்ந்து 4 வருடம் 4 மாதம் ஆகிறது. இப்போது ஒரு ரெக்ரூட்மென்ட் ஏஜென்சி மூலமாக பெங்களூரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்யும் கான்ட்ராக்ட் வந்திருக்கிறது. நாளுக்கு 5,000, மாதம் 22 நாள் என்றால் 1,10,000. டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) 10% மட்டும்தான் பிடிப்பார்களாம், வருமான வரியும் பாதிதான் என்கிறார்கள். மனைவி, ஒரு பெண் குழந்தை, அப்பா அம்மா என எல்லோரும் ஒரே வீட்டில். மாதம் 50,000 செலவாகிறது. எஃப்டியில் 1.5 லட்சம் இருக்கிறது. அடுத்த வருடம் ஒத்தக்கடை பக்கம் வீடு வாங்க லோன் போடலாம் என்று எண்ணம். வேலையை விடலாமா சார்?

பதில்: இந்த ரேட்டுக்கு வேண்டாம். ரேட் ஏறினால் யோசிக்கலாம், அப்போதும் உடனே வேண்டாம். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

1,10,000ஐயும் 70,000ஐயும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதால்தான் இந்த ஆசை வருகிறது. ஒன்று வேலை செய்த நாளுக்கு மட்டும் வருகிற காசு, இன்னொன்று லீவு போட்டாலும் வருகிற சம்பளத்தில் எல்லாம் பிடித்தது போக மிச்சம். வருடக் கணக்காக மாற்றுங்கள். சனி ஞாயிறு போனால் வருடத்துக்கு 260 நாள் சொச்சம். பண்டிகை, காய்ச்சல், குழந்தை ஸ்கூல் விழா, சொந்தக்காரர் கல்யாணம் என்று 30 நாள் கழியுங்கள். (அழகர் ஆற்றில் இறங்கும் அன்று பெங்களூரில் வேலை நாள், வைகைக்குப் போனீர்கள் என்றால் 5,000 போச்சு.) மிச்சம் 230 நாள். ஒரு ப்ராஜெக்ட் முடிந்து அடுத்தது வர ஒரு மாதம் சும்மா இருக்க நேரும் என்று 21 நாளையும் எடுத்துவிடுங்கள், கான்ட்ராக்ட்டில் இருப்பவர்களைக் கேட்டால் ஒரு மாதம் என்பதே குறைவு என்பார்கள். 209 நாள், 5,000 வீதம் 10,45,000.

இப்போது உங்கள் வேலை. சம்பளம் வருடத்துக்கு 9 லட்சம். பேசிக் அதில் பாதி, 37,500 என்று வைத்துக்கொள்கிறேன், கம்பெனி தன் பங்காகப் போடும் 12% பிஎஃப் மாதம் 4,500, வருடத்துக்கு 54,000. கிராஜுவிட்டி (வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடை) வருடத்துக்கு 15 நாள் பேசிக் என்ற கணக்கில் 21,600 சேர்கிறது. அப்புறம் கம்பெனியின் குரூப் மெடிக்கல் இன்சூரன்ஸ், அதில் அப்பா அம்மாவும் இருந்தால் அதே கவரேஜை வெளியில் எடுக்க வருடம் 60,000 ஆகும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். கூட்டினால் 10,35,600. ஆக நாற்பதாயிரம் வித்தியாசம் என்று தெரிந்தது மாதத்துக்கு அல்ல, வருடத்துக்கே பத்தாயிரம்கூடத் தேறவில்லை.

வரி பாதிதான் என்றார்களே, அதுவும் அரை உண்மை. வருமான வரிச் சட்டத்தில் 44ஏடிஏ பிரிவு என்று நாம் பழகிய அந்த ஏற்பாட்டில் (ஏப்ரல் 2026 முதல் புதிய சட்டத்தில் எண் மாறிவிட்டது, விஷயம் அதேதான்) தொழில்நுட்பக் கன்சல்டன்ட் போன்றவர்கள் வரவில் பாதியை லாபம் என்று காட்டினால் போதும், கணக்குப் புத்தகம் வைக்க வேண்டியதில்லை. நல்ல வசதிதான். ஆனால் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரியே கிடையாது, சம்பளக்காரருக்கு நிலையான கழிவு 75,000 சேர்த்து 12.75 லட்சம் வரை. நீங்கள் இப்போதே ஒரு ரூபாய் வருமான வரி கட்டவில்லையே தம்பி, இதில் எதைப் பாதியாக்குவது? உண்மையில் நடப்பது என்னவென்றால், ஏஜென்சி பிடிக்கும் 10%, அதாவது வருடத்தில் 1,04,500, ரிட்டர்ன் தாக்கல் செய்து ரீஃபண்ட் வரும்வரை உங்களுக்கு இல்லை. குறைந்த டிடிஎஸ் சான்றிதழுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வழி இருக்கிறது, ஆடிட்டரை வைத்துச் செய்யலாம்.

ஜிஎஸ்டி எடுத்தே ஆகவேண்டும் என்று ஏஜென்சி சொன்னால் மிரள வேண்டாம். சேவை வருமானம் வருடம் 20 லட்சத்துக்குள் இருந்தால் கட்டாயமில்லை. 5,000 என்பது ஜிஎஸ்டி உட்பட என்று ஒப்பந்தத்தில் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை காசு எப்போது வரும் என்பதுதான். மாதம் முழுக்க வேலை பார்த்து, கடைசியில் இன்வாய்ஸ் போட்டு, அவர்கள் 45 நாள் டைம் எடுத்தால் முதல் ரூபாய் கணக்கில் ஏற 75 நாள் ஆகிவிடும். உங்கள் எஃப்டி மூன்று மாதச் செலவுக்குச் சரியாக இருக்கிறது, இடையில் யாருக்காவது ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் அடுத்து அடகுக் கடைதான். கிளையன்ட் பணம் கொடுத்த பிறகுதான் உங்களுக்குத் தருவோம் என்று ஒரு வரி ஏஜென்சி ஒப்பந்தங்களில் இருக்கும். அதை எடுக்கச் சொல்லுங்கள். கூடவே, முதல் இன்வாய்ஸுக்கு முன்பே உத்யம் என்ற அரசுத் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிந்துவிடுங்கள், ஆதாரும் பான் கார்டும் போதும், கட்டணம் கிடையாது (காசு கேட்கும் வெப்சைட் எல்லாம் புரோக்கர்). பதிந்தவருக்கு 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும், தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. அதோடு, கெடு தாண்டினால் பணத்தைக் கொடுக்கும்வரை அதை ஏஜென்சி தன் வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் இதைச் சொன்னாலே ஃபைல் நகரும்.

நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று கிராஜுவிட்டி. இன்று விட்டால் சுழியம். ஐந்து வருடம் முடித்தால் 1,08,000 சொச்சம். ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது, உங்கள் எச்ஆர் அதை ஏற்கிறார்களா என்று மெயிலில் கேட்டு வாங்குங்கள், ஏற்காவிட்டால் எட்டு மாதம் பொறுங்கள். எட்டு மாதத்தில் இந்த கான்ட்ராக்ட் போய்விடுமே என்றால் போகட்டும், டெஸ்டிங் வேலைக்கு இதே மாதிரி இன்னொன்று வரும்.

அதற்குள் ஏஜென்சியிடம் இரண்டு விஷயம் பேசலாம். நாளுக்கு 6,000 கேளுங்கள். அதே 209 நாளுக்கு 12,54,000 வருகிறது, வேலையைவிட 2 லட்சத்துக்கு மேல் அதிகம், அப்போதுதான் ரிஸ்க்குக்கு ஒரு கூலி இருக்கிறது. கிளையன்டிடம் அவர்கள் எவ்வளவு வாங்குகிறார்கள் என்றும் கேட்டுப் பாருங்கள், சொல்ல மாட்டார்கள், ஆனால் கேட்டவருக்குத்தான் ரேட் ஏறும். இல்லையென்றால் கன்சல்டன்டாக வேண்டாம், உங்கள் பேரோலில் குறிப்பிட்ட காலப் பணியாளராக (ஃபிக்ஸட் டெர்ம்) எடுங்கள் என்று சொல்லுங்கள். பிஎஃப் தொடரும், நவம்பர் 2025இல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புப்படி ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டியும் உண்டு. நோட்டீஸ் காலத்தையும் பாருங்கள்: அவர்களுக்கு 15 நாள், உங்களுக்கு 60 நாள் என்று போட்டிருந்தால் இரண்டையும் சமமாக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், டெபாசிட், ஒரிஜினல் சர்டிஃபிகேட் என்று எதையாவது கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

போவது என்று முடிவானால், ரிசைன் செய்யும் முன் மெடிக்கல் இன்சூரன்ஸ். அப்பா அம்மாவுக்கு சுகர், பிபி இருந்தால் புதிய பாலிசியில் மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்வார்கள், அதனால் இப்போதைய குரூப் பாலிசியிலிருந்து அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தனிப் பாலிசிக்கு மாற முடியுமா என்று முதலில் கேளுங்கள். தனிநபர் பாலிசிக்கு செப்டம்பர் 22, 2025 முதல் ஜிஎஸ்டி இல்லை என்பது சின்ன ஆறுதல். பிஎஃப் பணத்தைத் தொடாதீர்கள், ஐந்து வருடத் தொடர் சர்வீஸ் இல்லாமல் எடுத்தால் வரி விழும்.

ஒத்தக்கடை வீட்டு லோன்: சொந்தத் தொழில் என்றால் வங்கிகள் பொதுவாக இரண்டு மூன்று வருட ஐடிஆர் (வருமான வரி ரிட்டர்ன்) கேட்கும், அதனால் கான்ட்ராக்டுக்குப் போனால் அடுத்த வருட லோனை மறந்துவிடுங்கள். அதற்குப் பிறகு கேட்கும்போதும், 44ஏடிஏயில் பாதி லாபம் காட்டினால் மேனேஜர் கண்ணுக்கு உங்கள் வருமானம் ஐந்தேகால் லட்சம்தான். உங்களுக்கு நிஜத்தில் செலவென்று பெரிதாக ஒன்றும் இருக்காது, லேப்டாப், நெட், கரண்ட் அவ்வளவுதானே. நிஜ லாபம் எதுவோ அதையே காட்டச் சொல்லுங்கள், 12 லட்சத்துக்குள் இருக்கும்வரை அதற்கும் வரி சுழியம்தான், லோன் தகுதி மட்டும் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.