மார்கோ டர்னர்: அந்த விருதுகளுக்குப் பின்னால் இருந்த நான்கு நாட்கள்

பிரிட்டிஷ் ராணுவ நர்ஸ் மார்கோ டர்னர் என்னென்ன விருதுகள் பெற்றார், எதற்காக என்று கேட்டிருக்கிறீர்கள். விருதுகளைச் சொல்வதற்கு முன் 1942 பிப்ரவரியைச் சொல்லியாக வேண்டும்.

லண்டனில் 1910இல் பிறந்தவர். செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் பயிற்சி பெற்று, 1937இல் ராணுவச் செவிலியர் படையில் சேர்ந்தார். இந்தியாவில் பணி, அப்புறம் மலாயா.

இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழும் நேரத்தில் அவர் ஏறிய 'குவாலா' கப்பல் குண்டுவீச்சில் மூழ்கியது. அருகிலிருந்த தீவில் காயப்பட்டவர்களைக் கவனித்தார். அங்கிருந்து ஏற்றிச் சென்ற 'தஞ்சோங் பினாங்' கப்பலும் மூழ்கடிக்கப்பட்டது. இன்னொரு நர்ஸும் அவரும் இரண்டு மிதவைகளைச் சேர்த்துக் கட்டி, குழந்தைகள் உட்பட 16 பேரைத் தண்ணீரிலிருந்து ஏற்றினார்கள். வெயிலிலும் தாகத்திலும் ஒவ்வொருவராக இறந்துபோனார்கள். பவுடர் டப்பாவின் மூடியில் மழைநீரைப் பிடித்துக் குடித்து, டர்னர் ஒருவர் மட்டும் பிழைத்தார். நான்கு நாட்களுக்குப் பிறகு ஜப்பானியக் கப்பல் ஒன்று அவரைத் தூக்கியது. பிறகு மூன்றரை ஆண்டுகள் சுமத்ராப் பகுதியில் சிறைவாசம். அங்கேயும் அவர் நர்ஸாகத்தான் இருந்தார்.

1946இல் பிரிட்டிஷ் அரசின் கௌரவ விருதான எம்.பி.இ. கிடைத்தது. 1956இல் ராயல் ரெட் கிராஸ். இது விக்டோரியா ராணி 1883இல் செவிலியர்களுக்கென்றே ஏற்படுத்தியது, முதலில் பெற்றவர்களில் ஒருவர் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல். 1964இல் பிரிகேடியர் பதவியோடு ராணுவச் செவிலியர் படைக்கே தலைவரானார். மறு ஆண்டு அதே எம்.பி.இ. வரிசையில் உயர்ந்த நிலையான டி.பி.இ., அதனால்தான் பெயருக்கு முன் 'டேம்' (ஆண்களுக்கு 'சர்' போல) என்ற பட்டம்.

என்னைக் கேட்டால், அந்த மிதவையிலிருந்து மீண்டவர் மறுபடி அதே சீருடையைப் போட்டு 1968 வரை உழைத்தாரே, அதுதான் பெரிது.