டோங்கா என்று கூப்பிட்டோம்

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு ஷெர்லாக் ஹோம்ஸ் என்றால் உயிர். இப்போது 'தி சைன் ஆஃப் ஃபோர்' எடுத்திருக்கிறான். புரட்டிப் பார்த்தேன், அந்தமான் பழங்குடிகளை மனிதரைத் தின்பவர்கள் என்று போட்டிருக்கிறது. படிக்க விடலாமா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: படிக்கட்டும் அம்மா. ஆனால் அந்தக் கதையின் அந்தமான் பழங்குடி ஆள் டோங்கா வரும் பக்கங்களில் நீங்களும் கூட உட்காருங்கள்.

குன்னூரில் ஒன்பதாம் வகுப்பில்தான் அந்தக் கதையைக் கேட்டேன். ஐப்பசி மழை தகரக் கூரையில் கொட்ட, ஆசிரியர் குரலை உயர்த்தி வாசித்தார். தேம்ஸ் நதியில் படகுத் துரத்தல். குள்ளமான ஓர் உருவம் எழுந்து, விஷமுள் ஊதும் குழலை உதட்டில் வைக்கிறது. அதுதான் டோங்கா. மறுநாளே கடைசி பெஞ்சிலிருந்த, குறும்பர் பழங்குடிப் பையனை 'டோங்கா' என்று கூப்பிட ஆரம்பித்தோம். நானும்தான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தான், முனை உடைய உடைய. அந்த மழைக்காலம் முடிவதற்குள் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டான்.

போன மாதம் மறுபடி படித்தேன். 1890-இல் வந்த நாவல். ஹோம்ஸ் ஒரு கெசட்டியரை, அதாவது ஊர்கள், நாடுகள் பற்றிய விவர நூலை எடுத்து, அந்தமான்காரர்கள் நரமாமிசம் தின்பவர்கள் என்று வாசிக்கிறார். அந்த மக்களுக்கு அப்படி ஒரு வழக்கமே கிடையாது. அவர்கள் ஆயுதம் வில்லும் அம்பும், ஊதுகுழல் அல்ல. கானன் டாயில் அந்தத் தீவுகளைப் பார்க்காமலே எழுதிவிட்டார். சாம்பலைக்கூட ஆராய்ந்து பார்க்கும் ஹோம்ஸ், அந்தப் புத்தகத்தை மட்டும் அப்படியே நம்புகிறார். இதை உங்கள் மகனிடம் காட்டுங்கள், துப்பறிகிற பிள்ளைக்குச் சட்டென்று பிடிபடும்.

அப்புறம், அன்று என் காதில் விழாத ஒன்று. சாகக் கிடந்த டோங்காவைக் கவனித்துப் பிழைக்க வைத்தவன் ஜோனதன் ஸ்மால், அந்தமானில் கைதியாக இருந்தவன். அந்த நன்றிக்காகவே டோங்கா தன் படகில் அவனைத் தப்ப வைத்து, இங்கிலாந்து வரை கூடவே போகிறான். அங்கே ஸ்மால் அவனைச் சந்தைகளில் நரமாமிசம் தின்பவன் என்று நிறுத்தி, பச்சை இறைச்சி தின்னவைத்து, ஆடவைத்து, தொப்பி நிறையச் சில்லறை சேர்க்கிறான். இவ்வளவு நடந்தும் டோங்கா தன் வாயால் ஒரு வரி பேசுவதாகக் கதையில் இல்லை.

இதெல்லாம் கடைசி அத்தியாயத்தில் இருக்கிறது. ஆள் பிடிபட்டதும் பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிடுவார்கள், நாங்களும் அங்கேதான் நிறுத்தினோம். உங்கள் மகனை அதற்கு அப்பாலும் படிக்கச் சொல்லுங்கள்.