பள்ளிக்கு மாணவர்கள் செல்போன் கொண்டுவரக் கூடாது என்ற விதியை மாற்றலாமா?

மாற்றத்தான் வேண்டும். ஆனால் பாட நேரத்தில் போனை எடுக்கவிடுவதற்காக அல்ல. வகுப்புக்குள் போன் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. மாற வேண்டியது, 'கேட்டுக்குள்ளேயே கொண்டுவராதே' என்கிற பகுதி. வடசென்னையில் அரசு உதவி பெறும் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கிறேன். அங்கே பார்ப்பதை வைத்துச் சொல்கிறேன்.

எங்கள் பள்ளிக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. காலை எட்டரை மணிக்குப் போய்ப் பார்த்தால் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போன்களை வரிசையாக நிறுத்திவைத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் ரப்பர் பேண்டில் செருகிய துண்டுச் சீட்டு. அதில் பெயர், வகுப்பு. ஒரு நாளைக்கு 10 ரூபாய் வாடகை. கடைக்காரர் நல்ல மனிதர், பத்திரமாகத்தான் வைத்திருக்கிறார். 10 ரூபாய் கொடுக்க முடியாத பையன் சாப்பாட்டுப் பையில், டிபன் பாக்ஸுக்கு அடியில் போனை வைத்து உள்ளே கொண்டுவந்துவிடுகிறான். ஆக, தடை இருக்கிறது, போனும் இருக்கிறது. யாரிடம் இருக்கிறது என்பதுதான் எங்களுக்குத் தெரியவில்லை.

ஏன் கொண்டுவருகிறார்கள்? கேம் ஆடத்தான் என்று நினைக்கிறோம். அதுவும் உண்டு. ஆனால் பள்ளி விட்டதும் நேராக வீட்டுக்குப் போகிற பிள்ளைகள் குறைவு. வியாசர்பாடியிலிருந்து வருகிற பெண் டியூஷன் முடித்துவிட்டு இரவு எட்டு மணிக்கு மேல்தான் பஸ் ஏறுகிறாள். அம்மா வீட்டு வேலைக்குப் போகிறவர், அப்பாவுக்கு லோடு ஆட்டோ. பெண் எங்கே இருக்கிறாள் என்று கேட்க அவர்களுக்கு வேறு வழி கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றுவிட்டால் பஸ் எந்தப் பக்கம் சுற்றிப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் கையில் போன் இல்லாத பிள்ளையின் வீட்டில் என்ன பாடு படுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம், 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடிய பிறகு 'பிள்ளைக்கு ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுங்கள்' என்று பெற்றோரிடம் கேட்டதே பள்ளிகள்தான். கடன்பட்டு வாங்கினார்கள். இன்றைக்கும் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் குரூப்பில் போகிறது. 2018-ல் வந்த புதிய பாடப்புத்தகங்களில் க்யூஆர் கோடு இருக்கிறது. வருகைப் பதிவை நாங்களே செயலியில்தான் போடுகிறோம். ராத்திரி ஒன்பது மணிக்கு 'குரூப்பைப் பார்' என்று சொல்லிவிட்டு, காலையில் 'போனா? டி.சி. கொடுத்துவிடுவேன்' என்றால் அந்த விதியைப் பிள்ளைகள் எப்படி மதிப்பார்கள்?

எனக்கு மனசு ஆறாத விஷயம் தண்டனைதான். பிடிபட்ட போனை பீரோவில் பூட்டிவைத்து ஆண்டுத் தேர்வு முடிந்ததும் தருவது பல பள்ளிகளில் வழக்கம். அப்படிப் போனைப் பறிகொடுத்த ஒரு பிளஸ் ஒன் பையனின் அம்மா ஒரு நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து நின்றார். "டீச்சர், அந்த நம்பர்லதான் கேஸுக்கு ஓடிபி வரும். ரேஷன் மெசேஜும் அதுலதான் வருது. போன் வேணாம், சிம்மை மட்டுமாவது கழட்டிக் குடுங்க" என்றார். தப்பு செய்தவன் பையன், அவதிப்பட்டது மொத்தக் குடும்பமும். இது எந்த ஊர் நியாயம்?

சரி, இவ்வளவு சொல்கிறவள் வகுப்பில் மட்டும் ஏன் கூடாது என்கிறேன்? வேதியியலில் மோல் கணக்கில் தடுமாறுகிற பையன்தான் முதலில் போனுக்குள் போய்விடுகிறான். நன்றாகப் படிக்கிற பிள்ளை போன் பக்கத்தில் இருந்தாலும் எப்படியோ படித்துவிடும். இங்கிலாந்தில் நான்கு நகரங்களின் 91 பள்ளிகளை எடுத்துக்கொண்டு 2015-ல் வெளியான லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் பல்கலைக்கழக ஆய்வும் இதைத்தான் சொன்னது. போனைத் தடுத்தபோது பின்தங்கிய மாணவர்களின் மதிப்பெண் ஏறியது. முன்னணி மாணவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை. ஒருமுறை கவனம் சிதறினால் பாடத்துக்குத் திரும்ப 20 நிமிடம் வரை ஆகலாம் என்கிறது யுனெஸ்கோவின் 2023 அறிக்கை. எங்கள் பீரியடே முக்கால் மணி நேரம்தான்.

தில்லி உயர் நீதிமன்றம் 2025-ல் ஒரு வழக்கில் சொன்ன வழி எனக்குச் சரியாகப் படுகிறது. கொண்டுவருவதை முழுக்கத் தடுக்க வேண்டாம். முடிந்த இடங்களில் காலையில் வாங்கிவைத்து மாலையில் திருப்பிக் கொடுக்கலாம். வகுப்பில் பயன்படுத்தக் கூடாது. பெற்றோரையும் ஆசிரியர்களையும் கலந்து விதியை வகுக்க வேண்டும். நம் பள்ளிகளில் இதைச் செய்ய பெரிய செலவு ஆகாது. வகுப்புக்கு ஒரு துணிப் பை, ரோல் நம்பர் எழுதிய சின்னப் பாக்கெட்டுகளோடு. பிரேயர் முடிந்ததும் ஸ்விட்ச் ஆஃப் செய்து போட்டுவிட வேண்டும். ஆபீஸ் பீரோவில் பூட்டு, கடைசி பெல்லுக்குத் திறப்பு. 'தொலைந்தால் யார் பொறுப்பு?' என்று ஸ்டாஃப் ரூமில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பொறுப்பை நிர்வாகம்தான் ஏற்க வேண்டும், அதைக் கிளாஸ் டீச்சர் தலையில் கட்டக் கூடாது. நடுவில் அவசரம் என்றால் பெற்றோர் ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிடட்டும். ஆனால் அந்த ஆபீஸ் போனை எடுக்க ஆள் இருக்க வேண்டும். வருகைப் பதிவு போட்டதும் ஆசிரியர்களும் தங்கள் போனை உள்ளே வைத்துவிட வேண்டும்.

இதனால் பிள்ளைகள் ராத்திரி போன் பார்ப்பது குறையும் என்று நான் சொல்லவில்லை. பர்மிங்காம் பல்கலைக்கழகம் 30 பள்ளிகளில் பார்த்து 2025-ல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி நேரக் கட்டுப்பாடு மட்டும் மொத்த போன் நேரத்தைக் குறைத்ததாகத் தெரியவில்லை. ராத்திரிப் பொழுதை வீட்டில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் பிள்ளையின் பள்ளியில் அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டம் நடக்கும்போது முதலில் இதைக் கேளுங்கள்: பிடிபட்ட போன் எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும், யாரிடம் கொடுப்பீர்கள், அதை விதியில் எழுதிவைப்பீர்களா? அன்று மாலையே பெற்றோர் கையில் தருவோம் என்று எழுதிக் கொடுத்தார்கள் என்றால், துணிப் பையைப் பற்றி அதே கூட்டத்தில் பேசலாம்.