புண் எங்கே?

கேள்வி: மத நம்பிக்கை உள்ளவர்களின் மனம் புண்படும்படி எழுதுவதுதான் எழுத்துச் சுதந்திரமா?
– ஒரு வாசகர், களியக்காவிளை

பதில்: புண் என்ற சொல்லை நம் குமரிப் பக்கத்தில் யோசித்துத்தான் பேச வேண்டும். உடலின் உயிர்நிலைகளான வர்மங்களில் பட்ட அடிக்கு வைத்தியம் பார்க்கும் ஆசான்கள் வாழும் மண் இது. உங்கள் கேள்வியை ஓர் ஆசானிடமே கொண்டுபோனேன். எண்ணெய்க் குப்பியைத் திறந்தபடி, "புண் எங்கே?" என்றார். மனத்தில் என்றேன். "எப்போது பட்டது?" போன மாதம், ஒரு கதை வெளிவந்த அன்று. "புண்பட்டவர் கதையைப் படித்தாரா?" இல்லை, படித்த ஒருவருடைய மைத்துனர் சொன்னாராம். ஆசான் குப்பியை மூடிவிட்டார். 108 வர்மங்களில் மைத்துனர் வழியாக அடிபடுவது எதுவும் இல்லையாம்.

2018இல் மாத்ருபூமி என்ற மலையாள வார இதழில் எஸ். ஹரீஷின் 'மீச' நாவல் மூன்று அத்தியாயங்களோடு நின்றது. கோயிலுக்குப் போகும் பெண்களைப் பற்றிப் பாத்திரங்கள் பேசிய சில வரிகளை வைத்துத்தான் அத்தனை ஆர்ப்பாட்டம். தடை கேட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. பாத்திரம் பேசினால் ஆசிரியர் குற்றவாளி என்றால், சூர்ப்பணகைக்காகக் கம்பனை எந்தக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பது?

அது மலையாளத்தார் சங்கதி என்று நழுவ வேண்டாம். சூஃபிக் கவிஞர் பீரப்பாவின் ஞானப்புகழ்ச்சியை ஆண்டுதோறும் விடிய விடியப் பாடும் ஊர் தக்கலை. அங்கேதான் கவிஞர் எச்.ஜி. ரசூலை, அவர் எழுதிய கட்டுரைக்காக ஊர்விலக்கம் செய்தார்கள். பாடிய கவிஞருக்குத் தர்கா. எழுதிய கவிஞருக்கு விலக்கு. நடுவே சில நூற்றாண்டுகள் போக வேண்டும்போல.

ஆசானிடம் காட்டக்கூடிய புண்ணும் ஒன்று உண்டு. கல்லூரித் தேர்வில் நிறுத்தக்குறி இடச் சொல்லிக் கொடுத்த ஒரு பத்தி மத நிந்தை என்று சொல்லி, 2010 ஜூலை 4 அன்று மூவாற்றுபுழையில் பேராசிரியர் டி.ஜே. ஜோசப்பின் வலது கையை வெட்டினார்கள். நிறுத்தக்குறிக்கு! நமக்குக் கவிதை அனுப்புகிறவர்களில் பாதிப் பேர் அதைப் போடுவதே இல்லை. அஞ்சித்தான் விட்டார்களோ என்று இப்போது சந்தேகம் வருகிறது.

எழுதலாமா என்றால், எழுதலாம். புண்படலாமா என்றால், தாராளமாக. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு கவிதைக்காக நம் சந்தாவை நிறுத்திய மார்த்தாண்டத்துப் பெரியவர், மூன்று பக்கத்துக்குக் கடிதம் எழுதித் திட்டினார். முழுக் கவிதையையும் படித்துவிட்டுத் திட்டியவர் அவர் ஒருவர்தான். இன்றும் நூலகத்தில் நம் இதழை முதலில் எடுப்பவர் அவரே என்று கேள்வி. போன இதழின் 14ஆம் பக்கத்தில் 'கருணை' 'கருனை' ஆனதைச் சொல்லித் தபால் அட்டை போட்டிருக்கிறார். திருத்திக்கொண்டோம், ஐயா.