உதவி செய்யும் அமைப்புகள் அரசியலில் சிக்காமல் நடுநிலையாக இருக்க முடியுமா?

முழுசாக முடியாது. மும்பையில் ஒரு சின்ன டிரஸ்டில் வேலை பார்க்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். எதை விட்டுக்கொடுக்கலாம், எதைக் கூடாது என்பதில் மட்டும் தெளிவு வேண்டும்.

2020 ஊரடங்கில் தாராவியில் அரிசி, பருப்பு, எண்ணெய், ஆட்டா எல்லாம் போட்டு ரேஷன் பை கொடுத்தோம். டெம்போ சந்துக்குள் போகாது, 90 அடி ரோட்டில் நிறுத்தி ஆள் வைத்துத் தூக்க வேண்டும், அதற்கு உள்ளூர்க் கட்சிக்காரர் தயவு இல்லாமல் ஒன்றும் நடக்காது. அவர் இரண்டு கேட்டார்: பையில் தன் போட்டோ, யாருக்குக் கொடுப்பது என்று தானே தரும் லிஸ்ட். லிஸ்டில் தமிழ்க் குடும்பங்கள் இருந்தன, மராத்திக் குடும்பங்கள் இருந்தன. பட்டறை அறைகளில் வேலையில்லாமல் அடைந்து கிடந்த உ.பி., பீகார் பையன்களில் ஒருத்தன் பேர்கூட இல்லை. அவர்களுக்கு இங்கே ஓட்டு கிடையாதே. "நம்ம ஜனத்துக்கே பத்தல தம்பி, பைய்யாக்களுக்கு எதுக்கு?" என்றார். போட்டோவுக்குச் சரி என்றோம் (எங்கள் டிரஸ்டிகளுக்கு அதுவே கசந்தது). லிஸ்டை வாங்கவில்லை, வீடு வீடாக ஏறி நாங்களே எடுத்தோம். அப்புறம் கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு திரிந்தார், அவ்வளவுதான்.

செஞ்சிலுவை இயக்கம் 1965-ல் வியன்னாவில் அறிவித்த ஏழு கொள்கைகளில் நடுநிலையும் (எந்தப் பக்கமும் சேராமல் இருப்பது) உண்டு, பாரபட்சமின்மையும் (ஆள் பார்க்காமல் தேவையை மட்டும் பார்ப்பது) உண்டு. என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே எடை இல்லை. நடுநிலை உள்ளே போவதற்கான வழி, தேவையைப் பார்த்துக் கொடுப்பதுதான் வேலையே. அந்த வேலையே கெட்டுப்போகும்போது வாயை மூடிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. 1985-ல் எத்தியோப்பியாவில் பஞ்ச நிவாரணத்தையே தூண்டிலாக்கி வடக்கு மக்களை அரசு கட்டாயமாகத் தெற்கே குடியேற்றியது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் பிரெஞ்சுப் பிரிவு அதை வெளியே சொன்னது, நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டது.

இலங்கைப் போரின் கடைசிக் கட்டத்தில், வன்னி விஷயத்தில் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் அடக்கிவாசிப்பின் மேல் நம்மில் பலருக்குக் கோபம் உண்டு. ஆனால் அவர்கள் அங்கேயே இருந்தார்கள், 2009-ல் புதுமாத்தளனிலிருந்து காயம்பட்டவர்களைக் கப்பலில் ஏற்றினார்கள். ஐ.நா.வோ, பாதுகாப்புக்கு உத்தரவாதமில்லை என்று அரசு சொன்னதும் 2008 செப்டம்பரிலேயே கிளிநொச்சியிலிருந்து வெளிநாட்டுப் பணியாளர்களை அழைத்துக்கொண்டது, சாவுக் கணக்கையும் பகிரங்கமாகச் சொல்லத் தயங்கியது. 2012-ல் அதன் சொந்த உள்விசாரணைக் குழுவே ஐ.நா. தவறிவிட்டது என்று எழுதியது. உள்ளே இருந்து மௌனம் காத்தால் நாலு உயிராவது மிஞ்சும் என்று வாதாடலாம், வெளியே வந்த பிறகும் வாய் திறக்காததற்கு யார் என்ன சமாதானம் சொன்னாலும் எனக்கு ஏறவில்லை.